தீரு விழுந்ததா?

நம் கல்லூரியில் உயர்தரப் பரீட்சைக்குக் கிறிஸ்தவ நாகரிகப் பாடம் எடுத்தவர்கள் எப்போதும் கொஞ்சப் பேர்தான். 1980இல் எங்கள் வகுப்பு முழுவதும் இரண்டு வாங்குகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் சத்தத்துக்குக் குறைவிருக்கவில்லை. அந்தச் சத்தத்தில் பெரும்பங்கு வேதாகமத்தில் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் புத்தகம் 26ஆம் அதிகாரத்தால் வந்தது. தீரு பட்டணம் அழியும் என்ற தீர்க்கதரிசனம் நிறைவேறியதா, நிறைவேறியது என்றால் யார் கையால் என்று ஒரு தவணை முழுக்கச் சண்டை பிடித்தோம். படித்த பாடங்களில் பாதி மறந்துவிட்டது. இந்த வழக்கு மட்டும் எனக்குள் இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது.

இந்தக் கல்லூரி மலரைப் படிக்கிற எல்லோருக்கும் இது பழக்கமாயிராது என்பதால் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். தீரு இன்றைய தென் லெபனானில் இருக்கிறது. பழைய நகரத்தின் உயிர்நிலை கரையில் அல்ல, கரையிலிருந்து ஏறத்தாழ முக்கால் கிலோமீற்றர் தள்ளி ஒரு தீவில் இருந்தது. வடக்கே ஒரு துறைமுகம், தெற்கே ஒன்று. கடலே அதற்கு அகழி. எசேக்கியேல் அந்தப் பக்கத்திலேயே இல்லை. கி.மு. 597இல் யோயாக்கீன் அரசனோடு பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களில் அவரும் ஒருவர். கேபார் ஆற்றங்கரையில் இருந்துகொண்டு, எருசலேம் விழுந்த காலத்தையொட்டி, கி.மு. 587–586 அளவில் இதைச் சொல்கிறார். எருசலேமின் வீழ்ச்சியைப் பார்த்துத் தீரு “ஆகா, இனி வியாபாரம் எல்லாம் எனக்குத்தான்” என்று மகிழ்ந்ததாம். அதற்கு வந்த மறுமொழிதான் இந்த அதிகாரம். பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சார் குதிரைகளோடு வருவான், மதில்களை இடிப்பான், நகரம் வெறும் பாறையாகி வலை விரிக்கிற இடமாகும், மறுபடி கட்டப்படாது.

பாடம் எடுத்த ஆசிரியர், எங்கள் சேர், இதை வாசித்து முடித்ததும் விடுதியில் இருந்த நண்பன் ஒருவன் எழும்பினான். வேதாகமத்தைக் கரைத்துக் குடித்தவன். அலெக்சாந்தரை அவன்தான் வகுப்புக்குள் கொண்டுவந்தான். ஏழாம் வசனத்திலிருந்து பதினோராம் வசனம் வரை “அவன், அவன்” என்று போகிறது, பன்னிரண்டில் “அவர்கள்” என்று மாறுகிறது. மூன்றாம் வசனமோ அநேகம் ஜாதிகள், அதாவது தேசத்தார், அலையலையாக வருவதைச் சொல்கிறது. ஆகவே நேபுகாத்நேச்சார் முதல் அலை, கி.மு. 332இல் வந்த அலெக்சாந்தர் இன்னோர் அலை என்பது அவன் வாதம். கல்லையும் மரத்தையும் மண்ணையும் தண்ணீருக்குள் போடுவார்கள் என்று எழுதியிருக்கிறதே, அலெக்சாந்தர் செய்தது அதுதானே என்று மேசையில் அடித்தான். கரையில் இருந்த பழைய நகரத்தின் இடிபாடுகளைக் கடலில் கொட்டித் தீவு வரைக்கும் பாதை போட்டு, ஏழு மாதத்தில் அதைப் பிடித்தான் அலெக்சாந்தர். “பண்ணைப் பாலத்தை நினைச்சுப் பாருங்கோ சேர், அதே மாதிரித்தான்” என்றான். யாழ்ப்பாணத்தைத் தீவுகளோடு இணைக்கிற, கடலுக்குள் போட்ட பாதை அது. வகுப்பு அவன் பக்கம் சாய்ந்துவிட்டது.

அப்புறம் மீன்பிடி ஊரான குருநகர்ப் பெடியன் ஒருவன் வாய் திறந்தான். அதிகம் பேசாதவன். “வலை காயுதெண்டால் பக்கத்தில சனம் இருக்குது எண்டுதானே அர்த்தம்? கரையில ஆரும் இல்லாமல் வலையை ஆர் விரிக்கிறது, ஆர் பொத்துறது?” என்று கேட்டான். விளக்கவுரை எதிலும் நான் இதை அதற்கு முன் பார்த்ததில்லை. அவனுடைய கேள்வியால்தான் அலெக்சாந்தருக்குப் பின் தீரு என்னவாயிற்று என்று தேடப் போனோம். எட்டாயிரம் பேரளவில் கொல்லப்பட்டார்கள், முப்பதாயிரம் பேர் அடிமைகளாக விற்கப்பட்டார்கள் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் அரியன் எழுதுகிறார். பேரழிவுதான். ஆனாலும் இருபது வருடத்துக்குள் அலெக்சாந்தரின் தளபதிகளில் ஒருவனான அந்திகோனஸ் மறுபடி முற்றுகை போட்டு 15 மாதம் காத்துக் கிடக்கிற அளவுக்கு அந்த நகரம் எழும்பி நின்றது. பவுல் அங்கே இறங்கி ஏழு நாள் சீஷர்களோடு தங்கியதை அப்போஸ்தலர் நடபடிகள் 21ஆம் அதிகாரமே சொல்கிறது. இன்றும் அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

சேர் இரண்டு பக்கத்தையும் பேசவிட்டார். பிறகு ஒன்றும் சொல்லாமல் 29ஆம் அதிகாரத்தின் பதினேழாம் வசனத்தைத் திறக்கச் சொன்னார். இந்த இடத்தைத் தெரியாமல் 26ஆம் அதிகாரத்தைப் பற்றி யாரும் வாதாடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காலம் கி.மு. 571. எசேக்கியேல் புத்தகத்தில் தேதி போட்ட வாக்குகளில் கடைசி இதுதான். நேபுகாத்நேச்சாரின் வீரர்கள் தீருவுக்கு முன்னால் பட்ட பாட்டில் ஒவ்வொரு தலையும் மொட்டையாயிற்று, ஒவ்வொரு தோளும் தோலுரிந்தது, ஆனால் அவனுக்கும் படைக்கும் அங்கே கூலி கிடைக்கவில்லை, அதற்குப் பதிலாக எகிப்தைக் கொடுக்கிறேன் என்று கர்த்தர் சொல்வதாக வருகிறது. முற்றுகை 13 வருடம் நடந்ததாக யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதுகிறார். அதன் முடிவில் தீரு பாபிலோனுக்குப் பணிந்தது, தரைமட்டமாகவில்லை. தீருவுக்குப் போன படைக்கு உணவு கொடுத்த கணக்கு பாபிலோனியக் களிமண் ஏட்டில் இருக்கிறது. நேபுகாத்நேச்சாரின் அரண்மனையில் இருந்தவர்கள் பட்டியல் ஒன்றில் தீருவின் அரசனும் வருகிறான்.

சொன்னபடியே எல்லாம் நடக்கவில்லை என்பதைத் தீர்க்கதரிசியின் புத்தகமே தன் வாயால் சொல்கிறது. பின்னால் வந்தவர்கள் 26ஐத் திருத்தியிருக்கலாம், 29ஐ வெட்டியிருக்கலாம். இரண்டையும் அப்படியே நம் கையில் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு முன்னால் எனக்கு இன்றும் மரியாதை கூடுகிறது. தீர்க்கதரிசனத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து 29ஆம் அதிகாரத்தைத் தாண்டிப் போகிறவர்கள், எழுதி வைத்தவர்களின் நேர்மையைக் கைவிடுகிறார்கள்.

அன்றைக்கு எங்களோடு சைவ நண்பன் ஒருவனும் வந்து இருந்தான். இந்து நாகரிகம் படித்தவன், விவாதம் என்றால் எங்கே நடந்தாலும் வருவான். “சேர், இதை முதல்முதல் இருந்து கேட்ட ஆக்கள் ஆர்?” என்று அவன் கேட்டான். சேர் கரும்பலகையில் தீருவை அழித்துவிட்டுக் கேபார் ஆற்றை வரைந்தார். ஊரிழந்து, கோயில் எரிந்து, அடுத்த ஊர்க்காரன் தங்கள் அழிவில் லாபம் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டவர்கள். அவர்களுக்கு அலெக்சாந்தரைத் தெரியாது. இரண்டரை நூற்றாண்டு கழித்து வரப்போகிற ஒருவனால் அவர்களுடைய நெஞ்சு ஆறியிராது. அவர்களுக்குத் தேவைப்பட்டது, எங்கள் கடவுள் இன்னும் ஆளுகிறார், இந்தச் சிரிப்பு அவர் காதில் விழுந்தது என்ற சொல். அதை விட்டுவிட்டு நிறைவேறியதா இல்லையா என்று மட்டும் கணக்குப் பார்த்தால் அதிகாரத்தின் பாதி நமக்குக் கேட்காமலே போய்விடும் என்றார்.

1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது நான் ரொறன்ரோவில் இருந்தேன். யார் எங்கே என்று தெரியாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் நாட்கள் போயின. அப்போதுதான் எசேக்கியேல் 33ஆம் அதிகாரத்தை உண்மையில் வாசித்தேன். எருசலேமிலிருந்து தப்பிய ஒருவன், மாதங்கள் கழித்து வந்து சேர்ந்து “நகரம் அழிக்கப்பட்டது” என்கிறான். அந்தச் செய்திக்காகக் காத்திருந்தவர்களுக்குச் சொல்லப்பட்டதுதான் தீருவின் வாக்கும். சேர் வரைந்த ஆற்றின் கரையில் ஆட்களின் முகங்கள் எனக்கு அன்றைக்குத் தெரிந்தன.

அதற்காக வழக்கு தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பழைய ஆட்களும் இதில் தடுமாறியிருக்கிறார்கள். தீருவின் ஆட்கள் செல்வத்தையெல்லாம் கப்பலில் ஏற்றிப் போய்விட்டதால்தான் நேபுகாத்நேச்சாருக்குக் கூலி கிடைக்கவில்லை என்று பழைய திருச்சபை அறிஞர் எரோம் விளக்கினார். எரேமியா 18ஆம் அதிகாரமோ, ஒரு ஜாதியைப் பற்றிச் சொன்ன தீங்கு அந்த ஜாதி திரும்பினால் மாறும் என்கிறது. தீரு பணிந்ததையும் அப்படி வாசிக்கலாமா என்பது எனக்குப் பெரிய கேள்வி. எகிப்தின் விஷயமும் இலேசானதல்ல. கி.மு. 568–567 அளவில் நேபுகாத்நேச்சார் எகிப்தின் மேல் படையெடுத்ததை உடைந்த ஏடு ஒன்று காட்டுகிறது, ஆனால் அவன் அந்த நாட்டைப் பிடித்து ஆளவில்லை.

அலெக்சாந்தர் கட்சி நண்பன் இப்போது இலண்டனில் இருக்கிறான். இன்னும் கட்சி மாறவில்லை, பன்னிரண்டாம் வசனத்தை விட்டு இறங்கவும் மாட்டான். இந்த மலர் அவன் கைக்கும் போகும். அடுத்த மலரில் அவன் பதில் எழுதட்டும்.