பச்சை பாட்டில் நல்லெண்ணெய்

தென்கொரியாவின் சுவோன் நகரில் நான் இருப்பது ஒற்றை அறை வீடு. கட்டிலில் உட்கார்ந்தபடி கையை நீட்டினால் அடுப்பு. அந்த அடுப்பில் போன சனிக்கிழமை கீரை வதக்கப் போய்த்தான் இந்த வம்பு.

சந்தையில் ஒரு கட்டு சிகும்ச்சி வாங்கினேன். கீரைதான். வடக்கே பாலக் என்பார்கள். அடியில் இளஞ்சிவப்பாக இருக்கும் வேர்ப்பக்கம்தான் தித்திப்பு என்று அதைக் கொரியர்கள் வெட்டி எறிவதில்லை. பக்கத்திலேயே எண்ணெய் ஆட்டும் கடை. தெரு முழுக்க வறுத்த எள் வாசனை. ஊர்ச் செக்கு ஞாபகம் வந்து ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். காலியான சோஜு பாட்டிலில் நிரப்பிக் கொடுத்தார்கள். சோஜு என்பது இந்த ஊர் சாராயம். பச்சைக் கண்ணாடி பாட்டில்.

நல்லெண்ணெய்தானே! வாணலி காய்ந்ததும் தாராளமாக ஊற்றி, வரமிளகாயைக் கிள்ளிப் போட்டேன். நம் செக்கில் எள்ளை வறுக்காமல் ஆட்டுவார்கள், அது தாளிப்பைத் தாங்கும். இங்கே எள்ளைச் சிவக்க வறுத்துப் பிழிகிறார்கள். டிகாக்‌ஷன் நிறம். அடுப்பில் காய்ந்தால் புகைந்து கசந்துவிடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. முதலில் தெரிந்தது, கூரையில் புகை மணி அலறியதுதான்.

மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார். ஜன்னலைத் திறந்தார், மிளகாய் நெடியில் நாலு தும்மல் போட்டார், பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கால்வாசி காணோம். வீடே எரிந்திருந்தாலும் அந்த முகம் அப்படி வாடியிருக்காது. உள்ளூர் எள்ளெண்ணெய் இங்கே விற்கிற விலை அப்படி.

சரி, என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவரே களத்தில் இறங்கினார். சாதா எண்ணெயில் நசுக்கிய பூண்டு. வாசம் வந்ததும் மிச்சமிருந்த கீரை. தீ முழுசாக, ஒரே நிமிஷம். அவ்வளவு கீரையும் ஒரு கைப்பிடியாகச் சுருங்கியது. சூப்புக்கு ஊற்றுகிற சோயா சாஸ் ஒரு ஸ்பூன். அது நிறம் கம்மி, உப்பு ஜாஸ்தி. அடுப்பை அணைத்த பிறகுதான் என் பாட்டிலைச் சாய்த்தார், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிற மாதிரி. மேலே வறுத்த எள். கீரை பச்சைப் பசேலென்று மின்னியது.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் வீடியோ கால். தமிழில் டப் ஆகிற கொரியன் சீரியல் ஒன்றுவிடாமல் பார்க்கிறவள்.

"டேய், பின்னாடி என்னடா பச்சை பாட்டில்?"

"நல்லெண்ணெய்ம்மா."

"காதல் தோத்தா அந்தப் பசங்க குடிக்கிறதும் இந்த நல்லெண்ணெய்தானா?"

என் முழியைப் பார்த்து விவகாரம் புரிந்துவிட்டது போல, வீட்டுக்கார அம்மா பாட்டிலோடு கேமரா முன் வந்தார். "சாம்கிரும், சாம்கிரும்" என்று, அதாவது எள்ளெண்ணெய் என்று, சிரித்தபடி, விரல் நுனியில் ஒரு சொட்டு விட்டு நக்கிக் காட்டினார்.

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அந்தம்மாவுக்கும் பழக்கம் உண்டா?" என்றாள்.