பச்சைப்பசேல் ஷீட்

2023 ஜூலை. ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாயைத் தாண்டியவர்களும் ஆகஸ்ட் 1 முதல் ஜிஎஸ்டி இ-இன்வாய்ஸ், அதாவது அரசின் தளத்தில் பதிவாகும் பில், போட்டாக வேண்டும் என்று அறிவிப்பு வந்திருந்தது. அதுவரை வரம்பு 10 கோடி. அது பாதியானதும், திருப்பூரில் எங்கள் பில்லிங் மென்பொருளை வாங்கியிருந்த சின்னப் பனியன் கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் எங்களைத் தேடி வந்தன. எங்கள் குழுவில் ஆறு பேர், பொறுப்பு என்னுடையது.

சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ரிவ்யூ. எக்செல் ஷீட்டைத் திரையில் போட்டு, "இது முடிஞ்சுதா? இது ஏன் முடியலை?" என்று வரி வரியாகக் கேட்பேன். முடிந்ததற்குப் பச்சை, இழுப்பதற்கு மஞ்சள், சிக்கலுக்குச் சிவப்பு. ஜூலையில் மூன்று வாரமும் ஷீட் பச்சைப்பசேலென்று இருந்தது. எனக்கு உள்ளூரப் பெருமைதான்.

ஜூலை 27 அன்று ஒரு வாடிக்கையாளர் நேரில் வந்து, தன் ஏற்றுமதி பில் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொன்னார். அரசின் சோதனைத் தளம் அதை ஏற்கவில்லை. வேறொன்று போட்டோம், அதையும் ஏற்கவில்லை. வாங்குபவர் ஜெர்மனிக்காரர், எங்கள் மென்பொருள் ஜெர்மன் அஞ்சல் குறியீட்டை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிநாட்டு முகவரி என்றால் பின்கோடு 999999, மாநிலக் குறியீடு 96 என்று போட வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஒன்றரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

ஆனால் ஷீட்டில் அந்த ஏற்றுமதி பில் வேலைக்குப் பச்சை போட்டுவந்த பையன் மூன்று வாரமாக அதில் முட்டிக்கொண்டிருந்தான். பதில் தெரிந்தவர் இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்! டீக்கடையில் நின்றபடி கேட்டேன், "ஏன்ப்பா சொல்லலை?"

"சிவப்பு போட்டா அதுக்கு விளக்கம் சொல்லவே அரை நாள் போயிடும் சார். அந்த நேரத்துல சரி பண்ணிடலாம்னு நினைச்சேன்."

கோபம் வரவில்லை, ஏனென்றால் அவன் சொன்னது உண்மை. ஜூன் மாதம் ஒரு பெண் சிவப்பு போட்டிருந்தார். எல்லோர் முன்னாலும் நாற்பது நிமிடம் அவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டிருந்தேன். அதை ரிவ்யூ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். மற்ற ஐந்து பேரும் அன்றைக்கே பாடம் படித்துவிட்டார்கள்.

2006-இல் ஃபோர்டு கார் கம்பெனிக்குத் தலைவராக வந்த ஆலன் முலாலியின் கதையை ஒரு பயிற்சி வகுப்பில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறேன். கம்பெனி பல நூறு கோடி டாலர் நஷ்டத்தில் போய்க்கொண்டிருக்கும்போது, வாராந்திரக் கூட்டத்தில் எல்லோருடைய அட்டவணையும் பச்சையாகவே வந்ததாம். கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்பவர் ஒரு புதிய காரின் பின்கதவுச் சிக்கலுக்குச் சிவப்பு காட்டினார். அறையே உறைந்துபோனபோது முலாலி கைதட்டினார், இதற்கு யார் உதவ முடியும் என்று கேட்டார். நம்மூரில் கைதட்டினால் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது பாதியையாவது நான் பின்பற்றியிருக்கலாம்.

ரிவ்யூவைப் புதன் காலை 10.30-க்கு மாற்றினேன். சனிக்கிழமை மாலை சிக்கலைச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும் என்று யாருக்குத்தான் தெரியாது? 'ஏன்' என்ற கேள்வியை விட்டுவிட்டு, "எங்க நிக்குது, கூட யார் வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தேன். சிவப்புக்குப் பக்கத்தில் கெடு தேதி எழுதுவதை நிறுத்தி, கூட உட்காரப் போகிறவரின் பெயரை எழுதினோம். அலசலெல்லாம் கூட்டம் முடிந்த பிறகு, அந்த இரண்டு பேருக்குள். சம்பள உயர்வு பேசும்போது இந்த ஷீட்டைத் திறக்க மாட்டேன் என்றும் சொன்னேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. நான்கு வாரம் மறுபடியும் பச்சைதான்.

ஐந்தாவது வாரம் ஷீட்டின் முதல் வரியில் என் பெயரைப் போட்டு, நானே சிவப்பு அடித்தேன். குழுவைக் கேட்காமல் ஒரு வாடிக்கையாளருக்குத் தேதி கொடுத்துவிட்டு, அதைச் சொல்லாமல் வைத்திருந்தேன். சில நொடி யாரும் பேசவில்லை. பிறகு ஜூன் மாதம் என்னிடம் மாட்டிய அதே பெண், முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டார்: "சார், இது ஏன் முடியலை?"

அறையே சிரித்தது. எனக்கு மட்டும் பதில் சொல்ல ஐந்து நிமிடம் பிடித்தது. அடுத்த புதன்கிழமை ஷீட்டில் மூன்று சிவப்பு இருந்தது, அதில் ஒன்று அவருடையது.