பின்பக்கத்தை விட்டுவிடாதீர்கள்: குட்டி ஓவிய அட்டைத் தேர்வில் இரண்டாம் முறை தேறிய அனுபவம்

நேற்று மாலைதான் முடிவு வந்தது. கலப்பு ஊடகச் செய்முறைத் தாளில் 100-க்கு 81. வண்ணம், தாள், துணி என்று பல பொருளைச் சேர்த்து உள்ளங்கை அளவு அட்டைகளில் ஓவியம் செய்யும் தேர்வு அது. சென்ற ஆண்டு இதே தாளில் 34 வாங்கித் தவறியவள் நான். ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. அடுத்து எழுதப் போகிறவர்களுக்குச் சூட்டோடு சூடாகச் சொல்லிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான்கு மணி நேரம், ஆறு அட்டை, அட்டைக்குக் குறைந்தது மூன்று ஊடகம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதை விட்டுவிடுகிறேன்.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான்: அட்டையின் பின்பக்கம்.

போன வருடம் கொடுத்த தலைப்பு ‘வாசல்’. காரைக்குடியில் இருக்கும் எனக்கு இதைவிட நல்ல தலைப்பு கிடைக்குமா? கானாடுகாத்தான் வீடுகளின் நிலைக்கதவுகளை வரைந்தேன். அடியில் தேயிலைச் சாயம், மேலே பழைய கணக்குப் பேரேட்டுத் தாள், ஓரத்தில் கண்டாங்கித் துணி. மூன்றாம் மணி நேரத்தில் ஆறு அட்டையும் மூலையில் எழும்ப ஆரம்பித்தன. தேர்வாளர் ஒரு அட்டைமேல் ஸ்டீல் ஸ்கேலை வைத்துக் குனிந்து பார்த்தார். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. “வேலை நல்லா இருக்கும்மா, அட்டை படியலையே” என்றார். அவ்வளவுதான்.

அட்டை ஏன் வளைகிறது என்று இரண்டு பருவத்தில் ஒரு வகுப்பில்கூட எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. ‘கனமான அட்டை வாங்கு’ என்பதோடு சரி. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

காரணம் தெரிய வந்தது மொட்டை மாடியில். சித்திரை வெயிலில் அப்பத்தா அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தார். நான் என் சோதனை அட்டைகளைப் பக்கத்தில் பரப்பியிருந்தேன். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏத்தா, ஒரு பக்கமே காஞ்சா சுருளத்தானே செய்யும்? திருப்பிப் போட வேண்டாமா?”

திருப்பிப் போட்டும் பார்த்தேன், அட்டைக்கு அது மட்டும் போதவில்லை. ஆனால் வழி பிடிபட்டுவிட்டது. பசை பட்டதும் தாள் ஈரம் குடித்து விரிகிறது. விரிந்த நிலையிலேயே அட்டையில் ஒட்டிக்கொள்கிறது. காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுக்கிறது. பின்னாலும் அதே கனமுள்ள தாளை, அதே பசையால் ஒட்டினால் இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும், அட்டை தட்டையாக நிற்கும். இதற்கு எனக்கு ஒரு வருடம் போயிற்று.

தாளின் நார் ஓட்டத்தையும் பாருங்கள். ஒரு சின்னத் துண்டை வெட்டி ஒரு பக்கம் மட்டும் ஈரத் துணியால் தொடுங்கள். இரண்டு நொடியில் பாய் சுருட்டுவதுபோல அது சுருளும். அந்தக் குழல் எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ அதுதான் நார் ஓடும் திசை. முன்தாள், அட்டை, பின்தாள் மூன்றிலும் நார் ஒரே திசையில் ஓட வேண்டும். துண்டை வெட்டும் முன்பே துண்டிலும் தாளிலும் ஒரே திசையில் பென்சிலால் அம்புக்குறி போட்டுவிடுங்கள், வெட்டிய பிறகு குழம்பிப்போகும்.

தேர்வு நாளில் நான் போன வரிசை:

1. முதல் 20 நிமிடம்: ஆறு அட்டைக்கும் பின்தாள், முன்தாள் இரண்டையும் ஒட்டிவிடுவது. வரைய ஆசையாக இருக்கும், தூரிகையைத் தொடாதீர்கள்.
2. பட்டர் பேப்பருக்கு நடுவே அடுக்கி, மேலே கனம். நான் கொண்டுபோனது இரண்டு ஆத்தங்குடித் தரைக்கல்.
3. அந்த நேரத்தில் துணி, நூல், ஓலை வெட்டும் வேலை.
4. நீர்வண்ணம், பிறகு அக்ரிலிக், பிறகு மை.
5. ஆயில் பேஸ்டல் கடைசி. அதன்மேல் பசை பிடிக்காது, எதை ஒட்டினாலும் உரிந்து வரும்.

மெழுகுவர்த்தியால் கோடு போட்டு நீர்வண்ணம் ஓட்டுவதென்றால் அது மட்டும் நீர்வண்ணத்துக்கு முன்னால். அந்த இடத்தில் எதையும் ஒட்டும் எண்ணம் இருக்கக் கூடாது.

ஆத்தங்குடி என்றதும் ஞாபகம் வருகிறது. படிப்பு விடுமுறையில் ஒருநாள் அங்கே ஒரு பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். அடியில் கண்ணாடி, அதன்மேல் உலோக அச்சு. அச்சின் கட்டம் கட்டமாகச் சாயம் கலந்த சிமெண்ட் கூழை ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கினால் பூ அப்படியே நிற்கிறது. அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும், அதற்கும் மேல் ஈரக்கலவை. நாம் மிதிக்கிற மேல்பக்கம் செய்யும்போது அடிப்பக்கமாக இருக்கிறது! அந்தப் பளபளப்பு கண்ணாடியால் வருவது.

வீட்டுக்கு வந்ததும் உள்ளங்கை அளவு கண்ணாடியில் அக்ரிலிக் தடவி, அட்டையைக் கவிழ்த்து, கரண்டியின் முதுகால் தேய்த்து எடுத்தேன். தூரிகையில் வராத ஒரு புள்ளிப்படலம் வந்தது. இந்த முறை தலைப்பு ‘தரை’. ஆறில் நான்கு அட்டைக்கு இதுதான் அடித்தளம். சாயம் மெலிதாக இருக்கட்டும், தடித்தால் வழுக்கிக் கலங்கும். கண்ணாடியின் விளிம்பில் டேப் ஒட்டிக்கொண்டு போங்கள்.

மற்றவை சுருக்கமாக:

கண்டாங்கித் துண்டு வெட்டினால் இழை பிரியும். பின்பக்கம் பெவிகாலை நீர்க்கத் தடவி, காய்ந்த பிறகு வெட்டினால் ஓரம் பிசிறாது.

பழைய பேரேட்டுத் தாளின் எழுத்து கரையுமா என்று ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் அது பின்பக்கத்துக்கு.

தையல் போடுவதென்றால் முதலில் ஊசியால் துளை மட்டும் இடுங்கள். துளைகள் நெருங்கினால் தபால்தலைபோல அங்கேயே கிழியும். நான் 4 மி.மீ. விட்டேன்.

பொருள்களைக் குறையுங்கள். எனக்கு நிதானமாகத்தான் கை ஓடும், அதனால் ஐந்து பொருளோடு நிறுத்தினேன். பக்கத்து மேசைப் பெண் ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்து தேடியே நேரம் போக்கினாள்.

வாய்மொழித் தேர்வில் அளவு ஏன் இரண்டரைக்கு மூன்றரை அங்குலம் என்று கேட்டார்கள். கலைஞர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் அட்டைகளின் அளவு அது. 1997-இல் சூரிச் நகரில் வான்சி ஸ்டிர்னெமன் தொடங்கிவைத்தார். விற்பதில்லை, மாற்றிக்கொள்வது மட்டும்தான் என்பது அதன் முக்கிய விதி. காரைக்குடி கண்டாங்கிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த ஆண்டையும் கேட்டார்கள், 2019.

பிறகு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரு அட்டையைத் திருப்பினார். பின்னால் பேரேட்டுத் தாள், ‘வரவு’ என்ற சொல் முழுசாகத் தெரிந்தது. “பின்னாடி எதுக்கும்மா ஒட்டியிருக்க?” என்றார். அப்பளத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஸ்கேலை எடுத்து அட்டைமேல் வைத்தார். இந்த முறை வெளிச்சம் தெரியவில்லை.