கை நிறையப் பொட்டாசியம்

"மாமியாருக்கு ஒரு வாய் இளநி குடுக்க மனசில்லாத மலேசியாக்காரி." செவ்வாய்ப்பேட்டையில் எனக்கு இப்போது இதுதான் பெயர். கிளாங்கிலிருந்து கல்யாணமாகிச் சேலம் வந்தவள் நான். தட்டுவடை செட்டைச் சட்னி சிந்தாமல் தின்னும் அளவுக்குத் தேறியிருந்தேன். ஒரே பேச்சில் மறுபடி வெளியூர்க்காரியாகிவிட்டேன்.

கத்திரி வெயிலில் அத்தைக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. நீர் வற்றிய உடம்போடு, மூட்டு வலிக்கு மெடிக்கலில் சீட்டில்லாமல் வாங்கிய டைக்ளோஃபினாக்கையும் விழுங்கினார். பிரஷர் மாத்திரை வேறு. சிறுநீர் அறவே குறைந்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், ரத்தத்தில் 0.9 இருந்தது 4.2 ஆகிவிட்டது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குள் ரத்தம் போகும் குழாயை உடம்பே விரித்துக் கொடுக்குமாம். வலி மாத்திரை அதைத் தடுத்துவிடுமாம். சிறுநீரகம் வருஷக்கணக்கில் மெல்லக் கெடுவது வேறு, இப்படித் திடீரென்று முடங்குவது வேறு, இதைச் சீக்கிரம் பார்த்தால் பெரும்பாலும் மீண்டுவிடும் என்றார் டாக்டர். 48 மணி நேரத்தில் கிரியேட்டினின் 0.3 கூடினாலே உஷாராகிவிடுவார்களாம்.

சிக்கல், பொட்டாசியம். சிறுநீரில் வெளியேற வழியில்லாமல் ரத்தத்தில் 6.1-க்கு ஏறியிருந்தது. 5-ஐத் தாண்டாமல் நிற்க வேண்டியது அது. மீறினால் இதயத் துடிப்பு தடுமாறும்.

சொந்தபந்தம் வந்தது. இளநீர், வாழைப்பழம், மல்கோவா. ஏற்காட்டுச் சித்தப்பா பை நிறைய பட்டர் ஃப்ரூட், அதாவது அவகாடோ. பொட்டாசியம் எதில் அதிகம் என்று பட்டியல் போட்டு வாங்கினாலும் இவ்வளவு கச்சிதமாக அமையாது! எங்கள் ஊரில் என்றால் மைலோ சத்துமாவு பான டின் வரும். அதிலும் பொட்டாசியம் உண்டுதான், ஆனால் டின்னைத் திறக்காமல் அலமாரியில் வைத்துவிடலாம். சீவிய இளநீரை என்ன செய்வது?

"டாக்டர் வேண்டாம்னுட்டாருங்க பெரியம்மா."

"டாக்டருக்கு என்ன தெரியுங் கண்ணு? இளநி சூட்டைத் தணிக்குமே."

சண்டை போடத் தெம்பில்லை. வார்டு வராந்தாவில் உட்கார்ந்தால், எங்கள் ஊரில் ஆற்றித் தரும் பால் டீயான, நுரை பொங்கும் தே தாரிக்குக்கு நாக்கு ஏங்கியது. கிளாங்கில் சாயங்கால மழை விட்டதும் அப்பா வாங்கி வருவார், பிளாஸ்டிக் பையில் கட்டி, ஸ்ட்ரா போட்டு. சரி, அதை விடுங்கள்.

டயாலிசிஸுக்குப் பிறகு சிறுநீர் வர ஆரம்பித்தது; அத்தை வீடு திரும்பிவிட்டார். முட்டி வலி மட்டும் அப்படியே இருக்கிறது. பாராசிட்டமாலும் ஒத்தடமும்தான் இனி. "உங்க ஊர்க் கோடாலித் தைலம் வரவழையேன்" என்கிறார். அம்மாவுக்குப் போன் போட்டால், "கூடவே நெத்திலிக் கருவாடும் வைக்கட்டுமா?" என்கிறாள். கருவாடு எனக்கு. தைலத்தை டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் மூடியைத் திறப்பேன்.