ரெண்டரை பர்சென்ட்தானே சார்?

சென்னையில் ஒரு வங்கியின் வீட்டுக் கடன் பிரிவில் வேலை. வட்டி ஏறினால் சண்டை எங்கள் மேஜையில்தான் நடக்கும்.

2022 மே தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ வட்டியை (வங்கிகளுக்குத் தரும் குறுகிய காலக் கடனுக்கு ரிசர்வ் வங்கி வாங்கும் வட்டி) ரிசர்வ் வங்கி படிப்படியாக ஏற்றி, 2023 பிப்ரவரியில் 6.5-இல் நிறுத்தியது. ரெப்போவோடு இணைந்த கடன்களில் அந்த ஏற்றம் அப்படியே வந்து உட்கார்ந்தது. 7 சதவீதத்தில் கடன் வாங்கியவருக்கு 9.5 ஆயிற்று. பாக்கி 50 லட்சம், 20 வருடம் என்று வைத்துக்கொண்டால் தவணை 38,765 ரூபாயிலிருந்து 46,607 ஆகிவிடும்.

ஓஎம்ஆரில் வேலை பார்க்கும் ஒருவர் போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்துக்கொண்டே கேட்டார்: "ரெண்டரை பர்சென்ட்தானே சார் ஏறிச்சு? இஎம்ஐல ஆயிரம் ரூபாகூட வரலையே, ஏழாயிரத்து எண்ணூறு எப்படி?"

அவர் தவணையில் இரண்டரை சதவீதம் போட்டிருந்தார். ஏறியது இரண்டரை சதவீதப் புள்ளி, அதாவது பழைய வட்டி விகிதத்துக்கும் புதியதுக்கும் உள்ள வித்தியாசம். 7-லிருந்து 9.5 என்பது வட்டியில் கிட்டத்தட்ட 36 சதவீத ஏற்றம். தவணையில் அசலும் இருப்பதால் அங்கே 20 சதவீதமாகத் தெரிகிறது. ரெப்போவிலோ அதே ஏற்றம் 62.5 சதவீதம். இதையெல்லாம் சொன்னால் யாருக்கும் தலை சுற்றும். அதனால் வேறு கணக்கைக் காட்டினேன்: 50 லட்சத்துக்கு 9.5 சதவீதத்தில் ஒரு மாத வட்டியே 39,583. பழைய தவணை வட்டிக்கே பத்தாது, அசல் எப்படிக் கரையும்? அதைப் பார்த்ததும் அடங்கினார். கோபம் போனதா என்பது வேறு விஷயம்.

2025-இல் ரெப்போ 5.25 வரை இறங்கியபோது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். "ஏத்தும்போது அறுபத்திரண்டரை பர்சென்ட், இறக்கும்போது பத்தொன்பதுதானா தம்பி?" இரண்டு கணக்கும் சரி. ஆனால் முதலாவது 4-ஐ அடியாக வைத்தது, இரண்டாவது 6.5-ஐ. புள்ளியில் பார்த்தால் ஏறியது 2.5, இறங்கியது 1.25. சரிபாதி. "அப்ப மீதிப் பாதி எப்ப?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

எங்கள் துறையும் லேசுப்பட்டதல்ல. எந்தக் கணக்கு பெரிதாகத் தெரியுமோ அதுதான் நோட்டீஸில் ஏறும். ப்ராசஸிங் ஃபீஸைக் கடன் தொகையில் 0.5 சதவீதத்திலிருந்து 0.25 ஆக்கினால் '50 சதவீதம் தள்ளுபடி' என்று கொட்டை எழுத்தில் போடுவோம். 50 லட்சத்துக்கு அது 12,500 ரூபாய், ஒரே ஒரு தடவை. வேறொரு வங்கியைவிட வட்டி கால் புள்ளி கூடுதல் என்றால் முதல் வருடத்திலேயே ஏறக்குறைய அதே 12,500 போய்விடும். அப்புறம் இன்னும் பத்தொன்பது வருடம் பாக்கி. இருந்தும் ஃபீஸுக்காக ஒரு மணி நேரம் பேரம் பேசுகிறவர்கள், கால் புள்ளிக்கு வாயே திறப்பதில்லை.