பெரியப்பாவின் யாஷிகாவும் அத்தையின் கிளிக்கும்

சந்தையில் விலை கொடுத்து வாங்கிய பழைய கேமராவை எப்படி வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம். அதை முன்பு யார் வைத்திருந்தார்கள், எதைப் படம் எடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியப்போவதில்லை. குடும்பத்தில் கைமாறி வந்த கேமரா அப்படிப்பட்டதன்று. பரணில் கிடக்கும் தகரப் பெட்டியிலுள்ள நெகட்டிவ்களுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆகவே அதை மீண்டும் படம் எடுக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதோடு, அதன் உள்ளே இருக்கும் பழைய வடுக்களில் கைவைக்கக் கூடாது என்பதும் என் உறுதியான கருத்து. இதைச் சொல்வதற்குக் காரணமான இரண்டு கேமராக்களைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, தென்காசியில் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியப்பாவின் யாஷிகா மேட் 124ஜி. 1970இல் ஜப்பானில் வெளிவந்த இந்த மாதிரி 1986 வரை தயாரிப்பில் இருந்தது. மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ்கள். மேலுள்ளதன் வழியாகப் பார்க்கிறோம், கீழுள்ள 80 மி.மீ., எஃப் 3.5 லென்ஸ் படம் எடுக்கிறது. 120 எனப்படும் அகலமான பிலிம் சுருள் ஒன்றில் பன்னிரண்டு சதுரப் படங்கள் விழும். வயிற்றருகே வைத்துக்கொண்டு, குனிந்து, மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். திருமணம், காதுகுத்து, பள்ளிக்கூடக் குழுப்படம் என்று எல்லாவற்றையும் பெரியப்பா இதைக் கொண்டுதான் எடுத்தார்.

தென்காசியில் சாரல் காலத்து ஈரம் லென்ஸுக்குப் பெரும் எதிரி. குற்றாலத்தில் அருவி விழும் மாதங்களில் எங்கள் வீட்டுச் சுவர்களே வியர்த்துக்கொண்டிருக்கும். கேமராவைத் தோல் உறையில் போட்டு மூடிவைத்தால் தோல் ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். லென்ஸின் உட்பரப்பில் பூஞ்சை இழை இழையாகப் படரும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோது, கீழ் லென்ஸின் முன்பகுதிக் கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெண்மையான கிளைகள் ஓடியிருந்தன. லென்ஸின் முன்பகுதியைத் திருகிக் கழற்றி, ஹைட்ரஜன் பெராக்சைடும் அம்மோனியாவும் கலந்த கரைசலைப் பஞ்சில் தொட்டு, அழுத்தாமல் துடைத்து எடுத்தேன். பூஞ்சை போய்விட்டது. ஆனால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை ஓரிடத்தில் அரித்திருந்ததால் மெல்லிய தடம் ஒன்று நிற்கிறது. வெயிலை நோக்கி எடுத்தால் ஒழிய அது படத்தில் தெரிவதில்லை.

ஒளியை உள்ளே விட்டு மூடும் ஷட்டரின் நோய் வேறு. 1/60, 1/125 போன்ற வேகங்கள் சரியாக இருந்தன. ஒரு விநாடி என்று வைத்தால் மட்டும் இதழ்கள் திறந்தபடி நின்றுவிட்டு மனம் வந்தபோது மூடின. மெதுவான வேகங்களை ஒரு சிறு பற்சக்கரத் தொடர் கட்டுப்படுத்துகிறது. அதிலுள்ள மசகு காலப்போக்கில் பிசினாகிவிடும். லைட்டருக்கு ஊற்றும் நாப்தாவைச் சொட்டுச் சொட்டாக விட்டு அந்தப் பிசினைக் கரைத்து எடுப்பதுதான் சரியான வழி. இதழ்களின் மேல் எண்ணெய் விடவே கூடாது. 1/500 என்று குறித்த வேகம் இப்போதும் 1/300 அளவில்தான் ஓடுகிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவ் அந்த அளவு மிகுதியான ஒளியை எளிதில் தாங்கும் என்பதால் அந்தச் சுருள்வில்லை நான் தொடவில்லை. ஒளிமானியையும் அப்படியே விட்டுவிட்டேன். அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைக்கப்பட்டது; இன்று கடைகளில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் பொய்க் கணக்குச் சொல்லும். நல்ல வெயிலில் ஒளி புகும் துளையை எஃப் 16இல் வைத்து, பிலிமின் ஒளியுணர்வைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. எண்ணையே ஷட்டர் வேகமாக (100 என்றால் 1/100 விநாடிக்கு அருகில்) வைத்துக்கொண்டால் போதும்.

என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது உள்ளேயிருந்த கண்ணாடிதான். மேல் லென்ஸின் பிம்பத்தை மேல்நோக்கித் திருப்பும் அந்தக் கண்ணாடிக்கு ரசம் முன்பக்கம் பூசியிருக்க வேண்டும். முகம் பார்க்கும் கண்ணாடியில் ரசம் பின்பக்கம் இருப்பதால் ஒளி கண்ணாடியின் கனத்துக்குள் புகுந்து திரும்புகிறது. பிம்பம் இரட்டையாகத் தெரியும், ஃபோகஸும் சற்றுத் தள்ளிப்போகும். பெரியப்பாவின் கேமராவில் இருந்தது சாதாரண முகக்கண்ணாடியிலிருந்து அளவாக அறுத்தெடுத்த துண்டு. மூலக் கண்ணாடி கெட்டுப்போன காலத்தில் பழுது பார்த்த ஒருவர் அதைப் பொருத்தி, தள்ளிப்போன ஃபோகஸை ஈடுகட்ட மேல் லென்ஸை ஒரு கால் சுற்றுத் திருகி, அது நகராதிருக்கச் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டும் வைத்திருக்கிறார். உதிரிபாகம் கிடைக்காத ஊரில், நாளைக் காலை முகூர்த்தத்துக்குப் போக வேண்டிய கேமராவுக்கு இதைவிட அறிவார்ந்த வைத்தியம் இருந்திருக்க முடியாது. முன்பக்கம் ரசம் பூசிய கண்ணாடியைப் பொருத்திய பிறகு லென்ஸை மறுபடியும் சரிசெய்ய வேண்டியிருந்தது. பின்மூடியைத் திறந்து, பிலிம் ஓடும் இடத்தில் சொரசொரப்பான கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, மொட்டைமாடியிலிருந்து காசி விசுவநாதர் கோயில் கோபுரத்தின் கலசங்கள் கீழே எப்போது துல்லியமாகத் தெரிகின்றனவோ அப்போதே மேலேயும் துல்லியமாகத் தெரியும்படி அமைத்தேன். பழைய துண்டு ஒரு உறைக்குள், அது எங்கே இருந்தது என்ற குறிப்போடு பத்திரமாக இருக்கிறது.

லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு சதுரத் திறப்பு இருக்கும். பிலிம் கேட் என்பார்கள். யாஷிகாவின் கேட்டில் கீழ் விளிம்பில் இடப்பக்கமாக ஒரு சிறு வெட்டு இருந்தது. பிலிம் மாட்டும் அவசரத்தில் ஏதோ கூரான பொருள் பட்டிருக்க வேண்டும். பழுது பார்ப்பவர்கள் பலர் இதை அரத்தால் ராவிச் சமப்படுத்தி, கறுப்புப் பூச்சு அடித்துவிடுவார்கள். நானும் செய்திருக்கக்கூடும், அதற்கு முன் பெரியப்பாவின் நெகட்டிவ் ஒன்று தற்செயலாக மேசை விளக்கின் மேல் கிடந்தது. அதன் மேல் ஓரத்தில் கறுப்பாக ஒரு சிறு பல் நீட்டிக்கொண்டிருந்தது. பிம்பம் பிலிமில் தலைகீழாக விழுவதால் கேட்டின் கீழ் விளிம்பிலுள்ள வெட்டு படத்தில் வானத்தின் பக்கம் பதிகிறது. பிரிண்ட் போடும்போது ஓரம் மறைக்கப்பட்டுவிடும் என்பதால் ஆல்பத்தில் உள்ள எந்தப் படத்திலும் அது தெரியாது. நெகட்டிவில் மட்டுமே உண்டு.

அன்றிலிருந்து பெட்டியிலிருந்த நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக பட்டர் பேப்பர் உறையிலிருந்து எடுத்துப் பார்க்கத் தொடங்கினேன். சின்னச் சித்தப்பாவின் கல்யாணத்தில் பல் இருந்தது. ஸ்டுடியோத் திரைக்கு முன் எடுத்த குழந்தைப் படங்களிலும் இருந்தது. ஆனால் ஆச்சி ஐந்தருவிப் பாறையில் ஈரப் புடவையோடு உட்கார்ந்து வாய்விட்டுச் சிரிக்கும் படத்தில் இல்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் கொண்டாடும் படம் அது. பெரியப்பாவின் கைவண்ணம் என்றே இத்தனை காலமும் சொல்லப்பட்டு வந்தது.

இரண்டாவது கேமராவான அத்தையின் அக்ஃபா கிளிக் 3ஐ அதுவரை நான் பெரிதாக எண்ணியதில்லை. பரோடாவில் தயாராகி இந்தியாவெங்கும் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்த எளிய கேமரா. ஒரே ஷட்டர் வேகம். வெயிலுக்கும் மேகத்துக்குமாகத் துளையை மாற்றும் குறிகள். அதுவும் 120 பிலிமில் சதுரப் படமே எடுக்கும். பழுது அதிகமில்லை: லென்ஸைத் துடைத்தேன், துருப்பிடித்த சுருள்வில்லைச் சுத்தம் செய்தேன், இக்காலப் பிலிம் சிவப்பு வெளிச்சத்துக்கும் மசங்கிவிடும் என்பதால் படத்தின் எண்ணைப் பார்க்கும் பின்பக்கச் சிவப்புச் சன்னலுக்குக் கறுப்பு நாடா ஒட்டினேன். ஐ.எஸ்.ஓ. 100 பிலிம் ஒன்றைப் போட்டு, மர நிழலிலும் சாயங்கால வெளிச்சத்திலும் எடுத்து, கழுவிக் காயவைத்து ஆச்சியின் நெகட்டிவுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் சதுரத்தின் ஒரே மூலை, ஒரே அளவுக்கு உருண்டிருந்தது. நான்கு ஓரங்களிலும் உருவங்கள் ஒரே விதமாகக் குழைந்திருந்தன. ஆச்சியைச் சிரிக்க வைத்து அந்தப் படத்தை எடுத்தவர் அத்தை என்பதில் எனக்கு இப்போது ஐயமில்லை. ஆண்கள் யாரும் உடன் இல்லாத இடத்தில்தான் ஆச்சி அப்படிச் சிரித்திருப்பார் என்று அம்மா சொன்னார். நெகட்டிவ் சொல்லாத அந்தக் காரணம் எனக்கும் சரியென்றே படுகிறது. ஆல்பத்தில் அந்தப் படத்தின் கீழ் அத்தையின் பெயரை எழுதிவிட்டோம்.

கேமராவைப் பழுது பார்க்கக் கொடுப்பவர்கள் பிலிம் கேட்டை ராவவோ பூசவோ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இயன்றால் கொடுப்பதற்கு முன்பே ஒரு ரோல் எடுத்து, ஓரம் வெட்டாமல் நெகட்டிவைப் பத்திரப்படுத்துங்கள். டைமர் விசையை மட்டும் இழுத்துப் பார்க்க வேண்டாம். பழைய ஷட்டர்களில் அது பாதியில் சிக்கினால் ஷட்டரும் சேர்ந்து நின்றுவிடும். ஜப்பானியக் கேமராக்களின் திருகுகளுக்கு அவற்றுக்கே உரிய ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தரநிலை) திருப்புளி வேண்டும், சாதாரண நட்சத்திரத் திருப்புளி தலையைச் சிதைத்துவிடும். தோல் உறையைத் தனியாக வையுங்கள். கேமராவைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத டப்பாவில் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் வறுத்து மறுபடி போடுங்கள்.

அடுத்து மாமாவின் ஜெனிட்-ஈ என்ற கேமரா காத்திருக்கிறது. அதில் ஷட்டராக வேலை செய்யும் துணித்திரையில் ஊசித்துளைகள் இருக்கின்றன. மாமா எடுத்த 35 மி.மீ. நெகட்டிவ்களில் அவற்றின் வெளிச்சப் புள்ளிகள் எந்த வருடத்திலிருந்து தென்படுகின்றன என்று பார்த்த பிறகே அவற்றை அடைப்பேன்.