மூன்றாவது தடவை கூப்பிடும் வரை

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்றாம் வருடம் கடைசி செமஸ்டரில் எங்களுக்குக் கொடுத்த வேலை இதுதான்: முழுநீளப் பேய்ப்படம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொண்டு அதன் முதல் இரண்டு நிமிடத்தை மட்டும் எடுக்க வேண்டும். கதை முடியக் கூடாது, டைட்டில் விழும்போது பார்க்கிறவர் அடுத்தது என்ன என்று காத்திருக்க வேண்டும், அந்த ஜானரின் மரபுகள் அதில் தெரிய வேண்டும். கடைசி நிபந்தனைதான் எங்களை ஒரு மாதம் அலைய வைத்தது. இந்த வருடம் அதே வேலையில் மாட்டியிருக்கும் ஜூனியர்கள் கேட்டார்கள் என்பதால் நடந்ததை எழுதி வைக்கிறேன்.

முதல் வெர்ஷனில் தெரிந்த மரபு அத்தனையையும் போட்டோம். வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், கொலுசுச் சத்தம், நாய் ஊளை, தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு, முடிவில் திடுக்கென்று முகம். ஹாஸ்டலில் லேப்டாப்பில் போட்டுக் காட்டினால் கொலுசு கேட்டதுமே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நடிப்பில் குறை இல்லை, லைட்டிங்கிலும் இல்லை. 2007-ல் முனி, 2011-ல் காஞ்சனா என்று பேயும் காமெடியும் கலந்து வந்து வந்து, நம் ஊர் ஆட்களுக்கு அந்தக் கொலுசு பயத்துக்கு எவ்வளவு சொந்தமோ சிரிப்புக்கும் அவ்வளவு சொந்தமாகிவிட்டது. அந்தச் சத்தம் கேட்டால் அடுத்து யாரோ அலறிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்று உடம்பே சிரிக்கத் தயாராகிவிடுகிறது.

சரி, எல்லாவற்றையும் தூக்கிப் போடுவோம் என்று பட்டப்பகலில், இசையே இல்லாமல், ஒரு பெண் காய் நறுக்குவதை எடுத்தோம். பார்த்தவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள், அப்புறம் இது என்ன படம் என்று கேட்டார்கள். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

வழி கிடைத்தது 1978-ல் ஜான் கார்பென்டர் எடுத்த ஹாலோவீன் படத்தின் ஓப்பனிங்கைத் திரும்பத் திரும்பப் பார்த்தபோதுதான். ராத்திரி ஒரு வீட்டை வெளியே நின்று ஜன்னல் வழியாக யாரோ பார்க்கிறார்கள், கேமராவே அந்தக் கண். பின்பக்கமாக உள்ளே போய், சமையலறை டிராயரிலிருந்து கத்தியை எடுத்து, மாடியேறி ஒரு பெண்ணைக் குத்திவிட்டு வாசலுக்கு வருகிறது. அங்கே முகமூடியைக் கழற்றினால் கோமாளி வேஷத்தில் ஆறு வயதுப் பையன், செத்தவள் அவனுடைய அக்கா. கத்தியை எடுக்கும் கை கூட அந்தப் பையனுடையது இல்லை, படத்தின் தயாரிப்பாளர் டெப்ரா ஹில்லுடையது. வெளியே நின்று ஜன்னலைப் பார்க்கிற கண் ஏதோ அந்நியனுடையது என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம், படம் எங்கேயும் அப்படிச் சொல்லவே இல்லை. மரபு என்பது பார்க்கிறவர் வீட்டிலிருந்தே மனசில் கொண்டுவரும் விதி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இரண்டு நிமிடத்தில் புதிதாக ஒரு விதியைச் சொல்லிக்கொடுக்க நேரம் கிடையாது, ஏற்கெனவே தெரிந்த விதியைத்தான் பிடிக்க வேண்டும்.

அப்படியானால் நம் ஆட்கள் கொண்டுவரும் விதி எது? கொலுசும் வெள்ளைப் புடவையும் சினிமா சொல்லிக்கொடுத்தவை. அதற்கு முன்பே பாட்டிகள் சொல்லிக்கொடுத்தது நிறைய இருக்கிறது. விளக்கு வைத்த பிறகு வீடு பெருக்காதே, ராத்திரியில் விசில் அடிக்காதே, வெறும் தூளியை ஆட்டாதே. ராத்திரி யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் சொல்லாதே, மூன்று தடவை கூப்பிட்டால்தான் மனுஷக் குரல். இதில் கடைசி இரண்டையும் எடுத்துக்கொண்டோம்.

தஞ்சாவூர் பக்கம் நண்பன் வீடு, பழைய ஓட்டு வீடு. அவன் அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தாள், மூன்று மாதக் குழந்தை, கூடத்து உத்தரத்தில் தூளி ஏற்கெனவே தொங்கியது. குழந்தையை உள்ளறையில் தூங்க வைத்துவிட்டு தூளியை ஆட்டி ஒத்திகை பார்க்க ஆரம்பித்ததும் பாட்டி வந்துவிட்டார். "வெறுந்தூளிய ஆட்டாதீங்கடா, புள்ளைக்கு வயித்த வலிக்கும்." நாங்கள் விழித்ததைப் பார்த்து அவரே கொல்லைக்குப் போய் அம்மிக்குழவியை எடுத்துவரச் சொல்லி, கழுவித் துடைத்து, உள்ளே போட்டு ஆட்டச் சொன்னார். தொட்டில் போடும் சடங்கில் முதலில் குழவியைப் போடும் வழக்கம் உண்டு இல்லையா, அதே யோசனை.

அந்தக் குழவி எங்கள் படத்தையே மாற்றிவிட்டது. வெறும் புடவை ஆடும்போது காற்றில் ஆடுவது மாதிரி லேசாகப் படபடக்கும். கல் உள்ளே போனதும் துணி கீழே இழுபட்டு, மடிப்புகள் விறைத்து, அடியில் உருண்டையாக ஏதோ கிடப்பது தெரிந்தது, ஆட்டமும் நிதானமாகக் கனத்துப் போனது. நடித்த பெண் கையை வைத்து அதை நிறுத்தும்போது அந்த கனத்தில் அவள் மணிக்கட்டு நிஜமாகவே ஒரு அங்குலம் பின்னால் போகிறது. அந்த ஒரு அங்குலத்தை எந்த நடிப்பாலும் கொண்டுவந்திருக்க முடியாது.

டெக்னிக்கலாக இரண்டு விஷயம் மட்டும். கரண்ட் போவதற்கு முந்தைய ஷாட்டில் டியூப்லைட் எரிகிறது. எங்கள் கேமரா வினாடிக்கு 30 ஃபிரேமில், ஷட்டர் 1/60 வினாடியில் இருந்ததால் படம் முழுக்க வரி வரியாக ஓடியது. நம் நாட்டுக் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சாதாரண டியூப்லைட் வினாடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது, அதனால் 25 ஃபிரேம், 1/50 என்று மாற்றினால் வரி நின்றுவிடும். இதைத் தெரியாமல் ஒரு சாயங்காலமே வீணாகப் போனது, நீங்கள் முதலிலேயே மாற்றிவிடுங்கள். இன்னொன்று, தூளியின் கிறீச் சத்தம். கொக்கிக்குப் பாட்டி எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் அது சத்தமே போடவில்லை. கொல்லைக் கிணற்றின் சகடையைச் சுற்றி ஃபோனில் பதிவு செய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்துப் போட்டோம். ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, யாரும் பேசாத கூடத்தை ஒரு நிமிடம் தனியாகவும் பதிவு செய்து வைத்துக்கொண்டோம், அந்த வெறும் சத்தம் கடைசியில் எப்படிக் கைகொடுத்தது என்று கீழே வரும்.

காட்சி இதுதான். கரண்ட் போகிறது, மெழுகுவத்தியோடு கூடத்துக்கு வருகிறாள், தூளி ஆடுகிறது, நிறுத்துகிறாள். கொல்லைப்பக்கமிருந்து ஒரு குரல், "செல்வி". அவள் வாயைத் திறக்கப்போய் மூடிக்கொள்கிறாள். மறுபடியும் "செல்வி". மூன்றாவது தடவைக்காக அவளும் நிற்கிறாள், பார்க்கிற நாமும் நிற்கிறோம். அது வரவே இல்லை. கூப்பிட்டது யார் என்று காட்டவில்லை, முகம் இல்லை, இசை இல்லை, டைட்டில் விழுகிறது.

எடிட்டிங்கில் சண்டை போட்டது அந்த இடைவெளிக்குத்தான். முதலில் நான்கு வினாடி வைத்தோம், சாதாரணமாக ஷாட் மாறுவது மாதிரி இருந்தது. ஆறு வைத்தபோது ஏதோ சத்தம் விட்டுப்போய்விட்டது என்று தோன்றியது. ஒன்பதில்தான் சரியாக வந்தது, அந்த ஒன்பது வினாடியும் தனியாகப் பதிவு செய்த கூடத்தின் சத்தத்தால்தான் உயிரோடு இருக்கிறது. அதை எடுத்துவிட்டு முழு மௌனம் வைத்தால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று நினைக்கிறார்கள்.

முடித்ததும் அந்த வீட்டுக்குப் போய், திண்ணையில் உட்கார வைத்து, ஃபோனில் பாட்டிக்குக் காட்டினோம். தூளி வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாவது "செல்வி" கேட்டதும் ஃபோனுக்குப் பக்கத்தில் குனிந்து, திரையில் இருந்தவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னார், "பேசிடாதடி."